டெனான் டிஎல்-103க்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்: 1:10 போதுமா, 1:30 வேண்டுமா?

#1 தட்டுப்பிரியன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் வால்வில் இயங்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் (இசைத்தட்டுச் சமிக்ஞைக்கான முன்பெருக்கி) ஒன்று இருக்கிறது. முதல் நிலையில் 12ஏஎக்ஸ்7 வால்வு, பெருக்கம் 40 டெசிபெல், உள்ளீடு வழக்கமான 47 கிலோ ஓம். மூவிங் மேக்னட் (காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பாகம், மாட்டியிருந்தவரை ஒரு குறையும் இல்லை.

இப்போது டெனான் டிஎல்-103 வாங்கியிருக்கிறேன். மூவிங் காயில் (சுருள் அசையும்) வகை, வெளியீடு 0.3 மில்லிவோல்ட், உள்தடை 40 ஓம். இசை கேட்கத்தான் செய்கிறது. ஆனால் வால்யூம் குமிழைக் கடைசிவரை திருகவேண்டியிருக்கிறது. அப்போது பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்ற இரைச்சலும் கூடவே வருகிறது. ப்ரீஆம்ப்பை மாற்ற மனமில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

விற்பவர் ஒருவர் 1:10, 1:20, 1:30 என மூன்று விகிதங்களில் வைத்திருக்கிறார். "1:30 எடுங்கள், அதுதான் சக்தி அதிகம்" என்கிறார். உங்கள் கருத்து என்ன? டிரான்ஸ்ஃபார்மரை ப்ரீஆம்ப் பெட்டிக்குள்ளேயே பொருத்தலாமா, தனிப் பெட்டி வேண்டுமா?

#2 வால்வுவாசம்

1:30தான். 0.3ஐ 30ஆல் பெருக்கினால் 9 மில்லிவோல்ட். வால்வுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். யோசிக்கவே வேண்டாம்.

#3 நாற்பத்தேழு கிலோ

கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும், வால்வுவாசம் ஐயா. அந்த 9 மில்லிவோல்ட் காகிதத்தில் மட்டும்தான் வரும்.

டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை n மடங்கு உயர்த்தினால், மறுபக்கத்தில் இருக்கும் மின்தடை முதன்மைச் சுருளின் பக்கம் n-இன் வர்க்கத்தால் வகுபட்டுத் தெரியும். ப்ரீஆம்ப்பின் 47 கிலோ ஓம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கார்ட்ரிட்ஜ் பார்ப்பது 47 கிலோ ஓமை அல்ல. 1:10 என்றால் 470 ஓம். 1:20 என்றால் சுமார் 117 ஓம். 1:30 என்றால் வெறும் 52 ஓம்.

இனி கார்ட்ரிட்ஜின் பக்கம் வாருங்கள். அதன் சுருள் 40 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக் கம்பிக்கும் தடை உண்டு; இரண்டு சுருள்களையும் சேர்த்து முதன்மைப் பக்கத்தில் 6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 46 ஓம், சுமையோடு (கார்ட்ரிட்ஜ் பார்க்கும் அந்த 470, 117 அல்லது 52 ஓமோடு) தொடராக நிற்கிறது. கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

1:10இல் 470/(470+46), அதாவது 91 விழுக்காடு மிஞ்சும். ப்ரீஆம்ப்புக்குப் போவது 2.7 மில்லிவோல்ட்.

1:20இல் 72 விழுக்காடு. 4.3 மில்லிவோல்ட்.

1:30இல் 53 விழுக்காடு. 4.8 மில்லிவோல்ட்.

20இலிருந்து 30க்குத் தாவியதில் கிடைத்த லாபம் அரை மில்லிவோல்ட், ஒரு டெசிபெல்கூட இல்லை. 1:32ஐ ஒட்டி உச்சம் வந்துவிடும். அதற்கு மேல் விகிதத்தை ஏற்றினால் ஒலி குறையத் தொடங்கும். கிடைக்கிற அந்த அரை மில்லிவோல்ட்டுக்காகக் கார்ட்ரிட்ஜின் பாதிச் சமிக்ஞையை அதன் சொந்தச் சுருளிலேயே எரித்துவிடுகிறீர்கள்.

டிஎல்-103க்கு நான் 1:10ஐத்தான் சொல்வேன். 2.7 மில்லிவோல்ட் என்பது சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதில் பாதிக்கு மேல். 40 டெசிபெல் பெருக்கத்துக்கு அது தாராளம்.

#4 தட்டுப்பிரியன்

விற்பவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை! நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். ஒலியளவு சரி, இரைச்சல் குறையுமா? அதற்காகத்தானே இந்தப் பாடு.

#5 நாற்பத்தேழு கிலோ

குறையும். 12ஏஎக்ஸ்7 நுழைவின் இரைச்சலை, செவிக்கு எட்டும் அலைவரிசை முழுக்கச் சேர்த்து, தோராயமாக 1 மைக்ரோவோல்ட் என்று கொள்ளுங்கள். நல்ல வால்வு இதைவிடக் குறைவாகவும், தேய்ந்த வால்வு அதிகமாகவும் காட்டும். 0.3 மில்லிவோல்ட் சமிக்ஞை அதைவிட ஏறத்தாழ 50 டெசிபெல்தான் மேலே நிற்கிறது. இசைத்தட்டின் மெல்லிய இடங்களில் அந்த உஸ் உங்கள் காதில் விழுவதில் வியப்பில்லை. 2.7 மில்லிவோல்ட் ஆனதும் இடைவெளி 68 டெசிபெல்லைத் தாண்டிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரின் அருமை இதுதான். அதற்குள் டிரான்சிஸ்டர் இல்லை, வால்வு இல்லை, மின்சப்ளையும் இல்லை. கம்பியின் தடையால் வரும் வெப்ப இரைச்சல் தவிர அது தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை.

#6 ஆப்ஆம்ப் ஆண்டி

வால்வுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று யாரும் நினைக்கவேண்டாம். என் ப்ரீஆம்ப்பில் இருப்பது என்இ5534ஏ என்ற ஆப்ஆம்ப் (பெருக்கிச் சிப்). அதன் மின்னழுத்த இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸ் வர்க்கமூலத்துக்கு 3.5 நானோவோல்ட். அதே கணக்கில் 40 ஓம் சுருளின் வெப்ப இரைச்சல் 0.8 நானோவோல்ட். நேரடியாக மாட்டினால் சிப்பின் சத்தம்தான் வெல்லும்.

இடையில் 1:10 வைத்தால் 46 ஓம் என்பது துணைச் சுருளில் 4.6 கிலோ ஓமாகத் தெரிகிறது. அதன் வெப்ப இரைச்சல் 8.7 நானோவோல்ட். சிப்பின் 3.5, அதோடு மின்னோட்ட இரைச்சலால் வரும் சுமார் 2, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டிப் பார்த்தேன். கார்ட்ரிட்ஜும் சுருளும் தவிர்க்க முடியாமல் தருவதைவிட ஒரு டெசிபெல்கூட அதிகமில்லை. அதற்கு மேல் விலையுயர்ந்த சிப் வாங்கிப் போட்டாலும் மிச்சமிருக்கும் அந்த ஒரு டெசிபெல்லுக்குள்தான் சண்டை போடவேண்டும்.

#7 சிராங்கூன் ஊசி

1:30ஐ ஒட்டுமொத்தமாகத் திட்டிவிடாதீர்கள். நான் வைத்திருப்பது ஆர்ட்டோஃபோன் எஸ்பியு. 0.2 மில்லிவோல்ட், ஆனால் உள்தடை 2 ஓம்தான். அதற்கு முன்னால் 52 ஓம் சுமை வந்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. 1:30இல் ஐந்தரை மில்லிவோல்ட்டை நெருங்குகிறது. தட்டுப்பிரியனைக் கைவிடும் அதே டிரான்ஸ்ஃபார்மர் எனக்கு அமிர்தம்.

பழைய ஜப்பானியப் பெட்டிகளில் 3 ஓம், 40 ஓம் என்று இரண்டு நிலைகளுடன் ஒரு சுவிட்ச் இருக்கும். அது பெட்டியின் உள்ளீட்டுத் தடை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எந்த உள்தடை கொண்ட கார்ட்ரிட்ஜுக்கு எந்த நிலை என்ற குறிப்பு அது. 3 ஓம் நிலையில் விகிதம் கூடுதலாகவும், 40 ஓம் நிலையில் குறைவாகவும் இருக்கும்.

#8 வால்வுவாசம்

சரி, கணக்கை ஏற்கிறேன். டிஎல்-103 பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-க்காக 1960களில் உருவான கார்ட்ரிட்ஜ் அது. ஒலிபரப்பு நிலையத்தில் நாள் முழுக்க உழைக்கவேண்டும் என்பதற்காகச் செய்தது. கோள முனை, தட்டின் மேல் 2.5 கிராம் முள் அழுத்தம், விறைப்பான தாங்கி. அரை நூற்றாண்டு கடந்தும் தயாரிப்பில் இருக்கிறது என்றால் சும்மாவா? தட்டுப்பிரியன், உங்கள் டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எடை மிகுந்ததுதானே? இலகுவான கையில் இதை மாட்டினால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாற்றாது.

#9 தட்டுப்பிரியன்

எடையான கைதான் ஐயா. ஹெட்ஷெல்லும் கனமானதாகத் தேடி வாங்கினேன்.

#10 பட்டறைத் தம்பி

அண்ணன்மார்களே, சின்னக் கேள்வி. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் சாதாரண மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டினால் 1:19 வருகிறதே! ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். இதற்கு எதற்கு இத்தனை ஆயிரம்?

#11 நாற்பத்தேழு கிலோ

தம்பி, விகிதம் என்னவோ வரும். எருமை இழுக்கும் ஏரில் எறும்பைப் பூட்டிய கதையாகிவிடும்.

மின்சப்ளைக்கான இரும்பு உள்ளகம் வலுவான காந்தப்புலத்தில் வேலை செய்ய உருவானது. மைக்ரோவோல்ட் கணக்கில் வரும் சமிக்ஞைக்கு அந்த இரும்பு சரியாக விழித்துக்கொள்வதே இல்லை. அதன் தொடக்க ஊடுதிறன் மிகவும் குறைவு. மெல்லிய ஒலியில் பாஸ் கரைந்துபோகும். மூவிங் காயிலுக்கான டிரான்ஸ்ஃபார்மர்களில் நிக்கல் மிகுந்த பெர்மலாய் உள்ளகம் போடுவது இதனால்தான். விலையில் பெரும்பகுதி அந்த நிக்கலுக்கும், அதைப் பதப்படுத்தும் வெப்பச் சிகிச்சைக்கும், சுருளை அடுக்கடுக்காகப் பிரித்துச் சுற்றும் கைவேலைக்கும் போகிறது.

இரண்டாவது, சுருள்களுக்கிடையே கசிவு. மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸ் தாண்டி எதற்கும் பொறுப்பேற்பதில்லை. மூன்றாவது, கவசமே கிடையாது. சுற்றியுள்ள மின்கம்பிகளின் ரீங்காரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வரும்.

மலிவாக வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய ஸ்டூடியோக் கருவிகளிலிருந்து கழற்றிய மைக்ரோஃபோன் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். 150 ஓமுக்கு 15 கிலோ ஓம் என்று எழுதியிருந்தால் அது 1:10. மியூமெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கலவை) கவசத்தோடு ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் விடாதீர்கள். 40 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு அவை பெரும்பாலும் நன்றாகவே ஒத்துவரும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துச் சுருளைச் சோதிக்காதீர்கள். மீட்டர் செலுத்தும் நேர்மின்னோட்டம் இந்தச் சிறிய உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடும். சோதித்தே ஆகவேண்டுமென்றால் சிறிய மாறுமின் சமிக்ஞையை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் அளந்து பாருங்கள். விகிதமும் தெரிந்துவிடும்.

#12 ஜெஃபெட் கட்சி

எல்லோரும் இரும்புக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்க்கட்சியும் வேண்டாமா?

இரைச்சல் குறைந்த ஜெஃபெட்களை (ஒருவகை டிரான்சிஸ்டர்) வைத்து ஒரு முன்பெருக்கி செய்தால் இந்த விகிதத் தலைவலி எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜுக்கு 100 ஓம் வேண்டுமா, 1000 ஓம் வேண்டுமா, ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் முடிந்தது. பாஸ் 5 ஹெர்ட்ஸ் வரை நேர்கோடு. டிரான்ஸ்ஃபார்மரில் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளகத்தின் திரிபு ஏறும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் அடுத்ததற்கு ஒத்துவரும் என்ற உறுதியும் இல்லை.

#13 ஆப்ஆம்ப் ஆண்டி

திரிபு உண்மை. ஆனால் அந்தத் தாழ்ந்த பகுதியில் இசைத்தட்டும் முள்ளும் தரும் திரிபு அதைவிடப் பல மடங்கு பெரியது.

பாஸ் விஷயத்தில் ஜெஃபெட் கட்சி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. முதன்மைச் சுருளின் இண்டக்டன்ஸும் கார்ட்ரிட்ஜின் உள்தடையும் சேர்ந்துதான் பாஸ் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 40 ஓமும் 470 ஓமும் இணையாகச் சுமார் 37 ஓம். 2 ஹென்றி இருந்தால் விழுமிடம் 3 ஹெர்ட்ஸ். அரை ஹென்றிதான் என்றால் 12 ஹெர்ட்ஸ். 2 ஓம் கார்ட்ரிட்ஜுக்காகச் சுற்றிய குறைந்த இண்டக்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை டிஎல்-103க்கு மாட்டி "பாஸ் இல்லை" என்று புலம்புபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. விகிதத்தை மட்டும் கேட்டு வாங்கக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தட்டுப்பிரியனிடம் நல்ல ப்ரீஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு மின்சப்ளை கேட்காத பெட்டிதான் வசதி. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் நானும் உங்கள் கட்சியில் சேரச் சொல்லியிருப்பேன்.

#14 தட்டுப்பிரியன்

1:10 ஜோடி வாங்கிவிட்டேன். மியூமெட்டல் குவளைக்குள் அடைத்தது. உள்ளேயா, வெளியேயா என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ப்ரீஆம்ப்பில் இடம் இருக்கிறது.

#15 நாற்பத்தேழு கிலோ

வெளியே. ஐயமே வேண்டாம். உங்கள் ப்ரீஆம்ப்புக்குள் மின்சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. அதன் கசிவுப் புலத்திலிருந்து சில அங்குலத்தில் 0.3 மில்லிவோல்ட்டைக் கையாளும் பொருளை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மியூமெட்டல் குறைக்கும், ஒழிக்காது. தூரம்தான் உண்மையான மருந்து.

சிறிய உலோகப் பெட்டி ஒன்றில் இரண்டையும் வையுங்கள். உள்ளீட்டு ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாத வகையாக இருக்கட்டும். கார்ட்ரிட்ஜின் சுருள் எதனோடும் எர்த் ஆகாமல் மிதக்கிறது. முதன்மைச் சுருளையும் அப்படியே மிதக்கவிடலாம். டோன்ஆர்மின் எர்த் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மர்களின் கவசமும் பெட்டியில் ஓரிடத்தில் சேரவேண்டும். அங்கிருந்து ஒரே கம்பி ப்ரீஆம்ப்பின் எர்த் முனைக்கு.

முக்கியமானது கேபிள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ப்ரீஆம்ப்புக்குப் போகும் கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அந்தப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு நூறு மடங்காகத் தெரியும். 100 பைக்கோஃபாரட் கேபிள் 10 நானோஃபாரட்டாக மாறுகிறது. போதாததற்கு உங்கள் 12ஏஎக்ஸ்7 தன் மில்லர் விளைவால் (பெருக்கத்தால் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் பெருகித் தெரிவது) ஏற்கெனவே 100 பைக்கோஃபாரட்டுக்கு மேல் வைத்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸோடு ஒத்ததிர்ந்து, மேல் ஸ்தாயியில் ஒரு மேட்டை எழுப்பும். ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டில் மூவிங் மேக்னட்டுக்காகத் தனியாக ஒரு கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

#16 மட்டுறுத்துநர்

விலை விசாரிப்பும், விற்பதும் வாங்குவதும் சந்தைப் பகுதியில் மட்டும். இங்கே வந்த இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். தொடருங்கள்.

#17 தட்டுப்பிரியன்

பொருத்தியாகிவிட்டது. வால்யூம் குமிழ் இப்போது பாதிக்குக் கீழே நிற்கிறது. உஸ் சத்தம் கிட்டத்தட்டப் போய்விட்டது. முள்ளைத் தூக்கிவிட்டுக் காதை ஒலிபெருக்கியின் அருகில் வைத்தால்தான் கேட்கிறது.

ஆனால் ரீங்காரம் இருக்கிறது. இடது சேனலில் அதிகம். உள்ளீட்டு பிளக்கைப் பிடுங்கினாலும் குறையவில்லை.

#18 சிராங்கூன் ஊசி

அடித்தொண்டையில் முனகுவது போல இருக்கிறதா, சற்று மேலே கரகரக்கிறதா? முனகல் என்றால் 50 ஹெர்ட்ஸ், காந்தப்புலத்திலிருந்து நேரடியாக வருவது. கரகரப்பு என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், எர்த் வளையத்தையோ மின்சப்ளையையோ சந்தேகிக்கலாம். டோன்ஆர்ம் கேபிளைப் பிடுங்கியும் மாறவில்லை என்கிறீர்கள். எனக்கு முதலாவது என்று படுகிறது.

ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வால்யூம் குறைவாக இருக்கட்டும்.

#19 தட்டுப்பிரியன்

முனகல்தான். பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினால் பாதியாகிறது. பக்கவாட்டில் கால்வட்டம் திருப்பினால் ஏறக்குறைய மறைகிறது! கீழ்த்தட்டில் இருந்த பவர் ஆம்ப்தான் மூலம். இடது பக்க டிரான்ஸ்ஃபார்மர் அதற்கு நேர் மேலே இருந்திருக்கிறது. டர்ன்டேபிளின் மறுபுறத்துக்கு மாற்றினேன். கேபிள் இன்னும் அரை மீட்டருக்குள்தான். இப்போது அமைதி.

#20 வால்வுவாசம்

அடுத்து லோட் ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள். டிஎல்-103க்கு 100 ஓம் வைத்தால் உயர் ஸ்தாயி அடங்கி, பாடகர் குரலுக்கு உடம்பு வரும். துணைச் சுருளின் பக்கம், 47 கிலோ ஓமுக்கு இணையாக 12 கிலோ ஓம். முதன்மைப் பக்கம் சுமார் 95 ஓமாகத் தெரியும்.

#21 ஆப்ஆம்ப் ஆண்டி

செய்து பாருங்கள், செலவில்லாத சோதனை. ஒரு நிபந்தனை: 470 ஓமிலிருந்து 95 ஓமுக்கு வரும்போது ஒலி இரண்டரை டெசிபெல் இறங்கும். வால்யூமைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் "அடங்கியது" என்று தோன்றத்தான் செய்யும். கார்ட்ரிட்ஜின் இண்டக்டன்ஸ் மிகச் சிறியது; செவிக்கு எட்டும் எல்லைக்குள் அதன் அதிர்வெண் வளைவு இந்தச் சுமையால் பெரிதாக வளையாது. மாற்றம் வந்தால் அது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த ஒத்ததிர்வு தணிவதால் வருவது. அதற்கு மட்டுமென்றால், ஒரு ரெசிஸ்டரும் சிறிய கெப்பாசிட்டரும் தொடராகத் துணைச் சுருளின் குறுக்கே வைத்தால் போதும், ஒலியளவு குறையாது. மதிப்புகளைச் சதுர அலை கொடுத்து அலைக்காட்டியில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு எது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

#22 வால்வுவாசம்

அலைக்காட்டியில் பாட்டு கேட்பவர்களுக்கு வணக்கம் 🙂

#23 தட்டுப்பிரியன்

12 கிலோ ஓம் வைத்து, வால்யூமைச் சமன் செய்து, நாகஸ்வரத் தட்டு ஒன்றையும் வயலின் தட்டு ஒன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். நாகஸ்வரத்தின் கூர்மை ரெசிஸ்டரோடு சற்று மட்டுப்பட்டதாக என் மனைவி சொல்கிறார். வயலினில் எங்கள் இருவருக்கும் வேறுபாடு பிடிபடவில்லை. எனக்கு அந்தக் கூர்மை பிடித்திருக்கிறது, ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டேன்.

#24 புதுமுள்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டிஎல்-103ஆர். 0.25 மில்லிவோல்ட், 14 ஓம். இதே 1:10 எனக்கும் சரியாக இருக்குமா, 1:20க்குப் போகலாமா?

#25 நாற்பத்தேழு கிலோ

உங்களுக்கு இரண்டும் திறந்திருக்கிறது. 1:10இல் 2.4 மில்லிவோல்ட், சுமை 470 ஓம். 1:20இல் சுமை 117 ஓம், உள்தடை 14 மட்டுமே என்பதால் இழப்பு சிறியது, 4.3 மில்லிவோல்ட் வரும். ப்ரீஆம்ப் 40 டெசிபெல் என்றால் 1:20, அதற்கு மேல் பெருக்கம் உள்ளது என்றால் 1:10. ப்ரீஆம்ப்பின் மாடலைச் சொல்லுங்கள்.